சிவப்புப் பிளாஸ்டிக் பை

எங்கள் கிளினிக்கில் யாரும்
முப்பது நிமிடத்துக்கு மேல் காத்திருப்பதில்லை.
சுவரில் பச்சைக் கோடு இருக்கிறது, பாருங்கள்.
ஜனவரியிலிருந்து ஒரு நாளும் அது தலை குனியவில்லை.

ஏழு தோட்டத்துக்கு ஒரு டவுன்,
டவுனுக்கு ஒரு கிளினிக்.
விடிவதற்கு முன்பே வேன் வந்து இறக்கிவிட்டுப் போகும்.
செம்பனைக்குள் இன்னும் இருட்டு கலைந்திருக்காது.
செருப்புகள் வரிசையில் நிற்கும்,
ஆட்கள் தூணில் சாய்ந்திருப்பார்கள்.
நம்பர் மெஷின்மேல் சைனல்
சிவப்புப் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கவிழ்த்து வைத்திருப்பார்.
பை இருக்கும்வரை
யாரும் வரவில்லை என்று அர்த்தம்.

டாக்டர் அறை காலியானதும் நான் கண்ணைக் காட்டுவேன்.
பை எழும்பும்.
மெஷின் நாக்கை நீட்டும்.
அந்த நொடியில்தான் நோயாளி பிறக்கிறார்.

இப்படிச் செய் என்று யாரும் எழுதித் தரவில்லை.
போன வருஷம் கோடு சிவந்த மாதத்தில்
மாவட்டத்திலிருந்து வந்தவர் சத்தம்கூடப் போடவில்லை.
கொடுத்த தேநீரைக் குடித்தார்.
“எப்படியாவது” என்றார்.

அப்பா பால்மரம் வெட்டியவர்.
வாளியில் ஒரே ஒருமுறை தண்ணீர் கலந்தார்,
அக்காவுக்குப் பள்ளிச் சட்டை வாங்க.
கிராணி ஒரு கண்ணாடிக் குழலைப் பாலில் மிதக்கவிட்டு
எத்தனை பங்கு பால், எத்தனை பங்கு பைப்புத் தண்ணீர் என்று
எல்லார் முன்னாலும் வாசித்துவிட்டார்.
ஒரு வாரக் கூலி போயிற்று.
நான் பத்து மாதமாகக் கலக்கிறேன்.
மிதக்கவிட்டுப் பார்க்க ஒருவரும் வரவில்லை.
நற்சான்றிதழ் வந்தது. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

உள்ளே வேறு கணக்கு: தலைக்கு ஆறு நிமிடம்.
பூங்காவனம் உதிரிப் பழம் பொறுக்குகிறவள்.
சர்க்கரை பதினெட்டு.
ரப்பர் பூட்ஸுக்குள் இரண்டு காலுறை போட்டிருப்பாள்.
கழற்றவே நான்கு நிமிடம் ஆகும்,
குனிந்தால் அவளுக்குத் தலை சுற்றும்.
மார்ச்சில் கழற்றவில்லை.
ஜூனில் கழற்றவில்லை.
டாக்டர் அமுதினியைக் குறை சொல்லாதீர்கள்,
இருபத்தெட்டு வயது, ஒப்பந்த வேலை,
கதவுக்கு வெளியே அறுபது பேர்.
“கால் பார்க்கப்பட்டது” என்ற கட்டத்தில்
ஒரு டிக் இருந்தால் போதும்.
இருந்தது.
ஏட்டுச் சுரைக்காய்க்கு
இந்த வருஷம் நல்ல விளைச்சல்.

ஆகஸ்டில் ஒரு நாள்
அவளோடு வேனில் வந்தவர்கள்
மழையிலும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வந்தார்கள்.
சீட்டு எடுத்த ஒன்பதாவது நிமிடம் கூப்பிட்டோம்.
ஒன்பது! அந்த வாரத்திலேயே அதுதான் சிறந்த நேரம்.
காலுறையைக் கத்தரித்துத்தான் எடுக்க முடிந்தது.
மீதியைத் தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள்,
கணுக்காலுக்குச் சற்று மேலே.

இங்கே அவள் பெயர்
“வேறிடம் மாற்றப்பட்டவர்” பக்கத்துக்குப் போனது.
அதனால் எங்கள் சர்க்கரைக் கட்டுப்பாடு
புள்ளி இரண்டு சதவீதம் உயர்ந்தது.
நான்தான் உயர்த்தினேன், இந்த விரலால்.

நேற்று மகனின் மோட்டாரில் வந்தாள்.
மருந்து சீட்டைப் புதுப்பிக்க வேண்டுமாம்.
கட்டைகளை நாற்காலிக்கடியில் தள்ளிவிட்டு
சுவரில் இருந்த சட்டத்தைக் காட்டினாள்.
“அதுல என்னா மிஸ்ஸி எழுதியிருக்கு?”
நான் மிஸ்ஸி இல்லை, கவுண்டர்தான்.
படித்துச் சொன்னேன்.
“நான் எத்தன மணிக்கு வந்தேன்னு இருக்கா?”

மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, 555 நோட்டு,
ஒன்று வாங்கிவிட்டேன்.
சைனல் பார்த்தும் பாராததுபோல் இருக்கிறார்.
5.40 பூங்காவனம்.
5.40 ரஃபிக்குல், கண்ணில் செம்பனை முள்.
5.55 ஒரு குழந்தை, இருமல். பெயர் கேட்கவில்லை.
பென்சிலால்தான் எழுதுகிறேன்.
இப்போதைக்கு அவ்வளவுதான் தைரியம்.